சாய்தளம் கேட்டால் சாய்வையும் சேர்த்துக் கேளுங்கள்

கலெக்டர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் எனக்கு ஒரு டி.டி.பி., ஜெராக்ஸ் கடை இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பதுதான் இருபத்தைந்து வருடமாகப் பிழைப்பு. இடது கால் போலியோ. காலைத் தாங்கும் காலிபர் கருவி போட்டு, ஒரு கையில் ஊன்றுகோலோடு நடப்பேன். மாற்றுத்திறனாளிகளுக்காக மாவட்டத்திலும் சென்னைக் கோட்டையிலும் அலைகிற வேலை இந்தக் கடையில்தான் முளைத்தது. இப்போது கடையை விட அதற்குத்தான் அதிக நேரம் போகிறது.

மாதத்துக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வந்து, "அண்ணே, முழுநேரமா இந்த வேலைக்கு வரணும், எங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். சிலர் ஆக்டிவிஸ்ட் என்கிறார்கள். டெல்லிப் பக்கம் படித்துவிட்டு வந்தவர்கள் அட்வகசி, லாபியிங் என்கிறார்கள். எங்கள் ஊரில் "மனு போடுற ஆளு" என்பார்கள், எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து ஒரே கதையைச் சொல்வதற்குப் பதில் ஒரு தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் மனுவில் நான் செய்த தப்பு

ஒரு தாலுகா அலுவலகம். வாசலில் மூன்று படி, தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களை இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். "சாய்தளம் அமைத்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று நானே அழகாக டைப் அடித்துக் கொடுத்தேன். பதினாலு மாதம் நடந்தேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் சாய்தளம் தயார். இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு சிமென்ட் சறுக்கு மரம்! நண்பர் ஒருவரின் சக்கர நாற்காலியை அதில் ஏற்றிப் பார்த்தோம். ஏற்றுவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டது, இறக்கும்போது வண்டி எங்களை இழுத்துக்கொண்டு போனது.

புகார் சொல்லப் போனேன். "கேட்டீங்க, போட்டுட்டோம்ல" என்றார் அலுவலர். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. கோப்பில் என் மனு இருந்தது. சாய்தளம் கேட்டது, சாய்தளம் போட்டாயிற்று, நடவடிக்கை முடிவுற்றது. எவ்வளவு சாய்வு என்று என் மனுவில் ஒரு வரி இல்லை.

இரண்டாவது மனு இப்படிப் போனது: உயரம் 45 செ.மீ., சாய்வு 12-க்கு 1 (12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம்), ஆகவே நீளம் 5.4 மீட்டர். அகலம் குறைந்தது 1.2 மீட்டர், இரண்டு பக்கமும் கைப்பிடி. வாசலில் அவ்வளவு நீளம் நேராகக் கிடைக்காது என்பதால் நடுவில் திருப்பம் வைத்து ஒரு கைவரைபடம். மத்தியப் பொதுப்பணித் துறையின் தடையற்ற கட்டட வழிகாட்டியிலிருந்து அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ். ஐந்து மாதத்தில் பழையதை உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு என் கடைக்கு வருகிற எந்த மனுவிலும் அளவோ எண்ணிக்கையோ தேதியோ இல்லாமல் நான் டைப் அடிப்பதில்லை. "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதச் சொன்னால், "எது தக்கதுன்னு நீங்களே சொல்லிடுங்க, இல்லாட்டி அவங்களுக்குத் தக்கதா செஞ்சிடுவாங்க" என்பேன்.

எந்த அளவு ஆயுதம் வேண்டும்

புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் "சட்டத்தையே மாத்தணும்ணே" என்கிறார்கள். முதலில் இந்த நாலு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சட்டம், விதி, அரசாணை, சுற்றறிக்கை. சுற்றறிக்கையைத் துறைத் தலைவரே அனுப்பிவிடலாம். அரசாணைக்குத் தலைமைச் செயலகத்தில் கோப்பு ஏறி இறங்க வேண்டும், பணம் சம்பந்தப்பட்டால் நிதித் துறையின் ஒப்புதல் வேண்டும். விதி என்றால் சட்டத் துறை பார்த்து, அரசிதழில் வர வேண்டும். சட்டத் திருத்தத்துக்குப் பேரவையில் மசோதா, பிறகு ஆளுநரின் ஒப்புதல்.

மாடியில் இருக்கும் ஓய்வூதியக் கவுன்ட்டரைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். அதற்குப் போய் முதலமைச்சருக்கு மனு அனுப்பி, அது சுற்றிச் சுற்றி அதே மாவட்ட அலுவலகத்துக்கே வந்து சேர்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது, சட்டத்தைத்தான் திருத்தியாக வேண்டும். பல அமைப்புகள் பல வருடம் கேட்டு, 2025 ஏப்ரல் 16 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் அந்தத் திருத்த மசோதாக்களைப் பேரவையில் கொண்டுவந்தார். ஒன்று 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்துக்கு, இன்னொன்று 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்கு. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர், நகர்ப்புறத்தில் 650 பேர் என்று அன்று கணக்குச் சொல்லப்பட்டது. எங்கள் மனுவும் அந்தக் குவியலில் எங்கோ இருந்தது. அதற்கு மேல் நான் பெருமை கொண்டாட மாட்டேன். நாற்பது அமைப்புகள் தள்ளிய தேரில் வடம் தொட்டவன் "நான்தான் இழுத்தேன்" என்று சொன்னால் அடுத்த வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சட்டத்தைப் படிப்பதற்குச் சட்டக் கல்லூரி தேவையில்லை. உங்கள் துறைக்கான சட்டத்தின் மூல நூலை வாங்கி, பென்சிலால் கோடு போட்டு மூன்று தடவை படியுங்கள். எனக்கு அது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பழைய பொதுக் கட்டடங்களை ஐந்து வருடத்தில் சரிசெய்ய வேண்டும் என்று 45-ஆவது பிரிவு சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூன், ஆகவே கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. இந்த ஒரு கணக்கை மனுவின் முதல் பத்தியில் போட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் இறங்கும். தீர்ப்புகளையும் கவனியுங்கள். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில், வெறும் பரிந்துரைகளாகத் தொங்கிக்கொண்டிருந்த அணுகல் வழிகாட்டிகள் போதாது, கட்டாயமான விதிகள் வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் மத்திய விதிகளின் 15(1)-ஆவது விதியையே செல்லாததாக்கியது. அதுவரை "அது கைட்லைன்தான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பதில் பறிபோயிற்று.

கோப்பு எந்த மேசையில்

மந்திரியோடு நின்று போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆட்கள் நிறைய. மந்திரி உங்கள் மனுவின் ஓரத்தில் "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதி அனுப்புவார். அது தபாலாகப் பதிவாகி, இறங்கி இறங்கிக் கடைசியில் தலைமைச் செயலகத்தில் ஓர் உதவிப் பிரிவு அலுவலரின் மேசையில் வந்து விழும். மாவட்டத்தில் என்றால் பிரிவு உதவியாளர். அவர் தனக்கு வந்த தபால்களைக் குறிக்கும் தன்பதிவேட்டில் ஏற்றி, கோப்பில் முதல் குறிப்பை எழுதுவார். பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர் என்று மேலே போகிற எல்லோரும் அந்த முதல் குறிப்பின் மேல்தான் "ஆம்", "இல்லை", "பேசவும்" போடுகிறார்கள்.

ஆகவே உங்கள் காகிதம் அந்த முதல் மேசைக்காக எழுதப்பட வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர், தேர்வு எழுதி வந்தவர், மேசையில் நூற்றுக்கணக்கில் நிலுவை. அவர் அப்படியே எடுத்துக் குறிப்பில் எழுதிக்கொள்கிற மாதிரி ஒரு பக்கம் கொடுங்கள். இப்போது என்ன நிலை, எந்தச் சட்டப் பிரிவு அல்லது அரசாணை எண் இதைச் சொல்கிறது, எத்தனை பேருக்குப் பயன், வேறு எங்காவது நடைமுறையில் உண்டா, எவ்வளவு செலவு. கடைசிக் கேள்விக்குத்தான் நம் ஆட்கள் பதில் எழுதுவதே இல்லை. "செலவை அரசு பாத்துக்கும்" என்பார்கள். நிதித் துறை கேட்கிற முதல் கேள்வியே அதுதான். ஒரு பொறியாளரைப் பிடித்து உத்தேச மதிப்பீடு வாங்கி இணைத்துவிட்டால் பாதி வேலையை நீங்களே செய்து கொடுத்த மாதிரி.

எதிர்வாதத்தையும் நீங்களே எழுதிவிடுங்கள். மறைத்து வைத்து, அதை இன்னொருவர் மேலதிகாரியிடம் சொல்லி, நம்மை நம்பிக் குறிப்பு எழுதிய உதவிப் பிரிவு அலுவலர் திட்டு வாங்கினால் அந்தக் கதவு அதோடு சரி. எனக்கு ஒருமுறை நடந்தது. எங்கள் கோரிக்கையில் பயனாளிகள் எண்ணிக்கையை நாங்கள் கொஞ்சம் ஊதிப் பெருக்கிவிட்டோம். எங்களை நம்பிக் குறிப்பு எழுதிய அம்மா பிறகு என் போனை எடுக்கவே இல்லை. தப்பு என் மேல்தான்.

கோப்பு எண்ணை, அதாவது ந.க. எண்ணை, வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். ந.க. எண் இருந்தால் நீங்கள் கோப்பைத் தேடலாம். இல்லாவிட்டால் ஊரெல்லாம் தேட வேண்டியதுதான்.

பத்து ரூபாய் ஸ்டாம்ப்

தகவல் உரிமைச் சட்டத்தை எல்லோருக்கும் தெரியும், பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்தது ஒன்றுக்கும் உதவாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேல் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

"ஏன் சாய்தளம் கட்டவில்லை?" என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்பது தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "ந.க. எண் இன்ன கோப்பின் குறிப்புப் பக்கங்கள் அனைத்தின் நகலும் வேண்டும்" என்று கேளுங்கள். யார் என்றைக்கு என்ன எழுதினார், கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது எல்லாம் அதில் இருக்கும். ஒரு பேருந்து நிலையக் கழிப்பறை விஷயத்தில், "இடவசதி இல்லை" என்று எங்களிடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்த அலுவலகத்தின் கோப்பில் "இடம் உள்ளது, நிதி கோரலாம்" என்று அவர்களுடைய பொறியாளரே எழுதியிருந்தார். ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கிய காகிதம். அதை நான் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. நேராக அந்த அலுவலரிடம் காட்டினேன். இரண்டு வாரத்தில் நிதி கேட்டுக் கடிதம் போயிற்று.

அவையில் பேச வைப்பது

பேரவையில் 234 பேர். உங்களுக்குத் தேவை மூன்று நாலு பேர்தான், அதில் ஆளுங்கட்சியும் வேண்டும், எதிர்க்கட்சியும் வேண்டும். எம்.எல்.ஏ.வை விட அவருடைய பி.ஏ.வோடு பழக்கம் வைப்பது முக்கியம். உங்கள் துறைக்கான நிதியைப் பற்றிப் பேரவை விவாதிக்கிற மானியக் கோரிக்கை என்றைக்கு வருகிறது என்று பார்த்து, பத்து நாள் முன்னால் அவர் எழுந்து நின்று அப்படியே படிக்கக்கூடிய அளவில் அரைப் பக்கம் கொடுங்கள். பெரிய ஃபைலைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பட்ஜெட் வாசிக்கிற வாரத்தில் மனுவோடு ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். துறைகள் தங்கள் கணக்கை நிதித் துறைக்கு அனுப்புவது அதற்குப் பல மாதம் முன்னால். தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலாகிவிட்டாலும் அப்படித்தான், புதிதாக எதையும் அறிவிக்க முடியாது. ஆனால் அதற்கு முன்பு ஒரு நல்ல பருவம் உண்டு. கட்சிகள் தேர்தல் அறிக்கைக் குழு போட்டு மாவட்டம் மாவட்டமாகக் கருத்துக் கேட்கும். எல்லாக் கட்சிக்கும் ஒரே காகிதத்தைக் கொடுங்கள். யாருடைய அறிக்கையில் வந்தாலும் ஐந்து வருடத்துக்கு அந்தப் பக்க எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

டெல்லி வேறு மாதிரி. மக்களவையில் ஒரு நாளைக்கு அவையில் வாயால் பதில் சொல்கிற 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமிடாத கேள்விகள். நமக்குப் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் வேலைக்கு ஆகும், எழுத்தில் பதில் வந்துவிடும். பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தேதி வந்தவுடனே கேள்வியை எழுதி எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருகிற மசோதா பற்றி ஒரு வார்த்தை. திருநங்கைகள், திருநம்பிகள் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஆனால் அந்த மசோதாவும் சட்டமாகவில்லை. அரசு தன்னுடைய மசோதாவை 2016-இல் கொண்டுவந்தது. 2019-இல் சட்டமாக வந்ததை அந்தச் சமூகத்தினரே எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். நம் கோரிக்கையை அரசு "நாங்களே செய்கிறோம்" என்று வாங்கிக்கொள்ளும்போதுதான் வரைவை வரிவரியாகப் படிக்க வேண்டும். அன்றைக்கு நம் ஆட்கள் பாதிப் பேர் லட்டு கொடுக்கப் போய்விடுவார்கள்.

புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதைப் போலவே, இருப்பது போய்விடாமல் தடுப்பதும் இந்த வேலையில் சேர்த்தி. 2020 ஜூலையில், ஊரடங்குக்கு நடுவே, 2016 சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைத் தளர்த்தலாமா என்று மத்தியத் துறை ஒரு கடிதம் விட்டது. கருத்துச் சொல்லக் கொடுத்தது பத்து நாள். நாடு முழுக்க அமைப்புகள் எழுதிக் குவித்தன, அந்த மாதமே யோசனை திரும்பப் பெறப்பட்டது. நாங்கள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து மின்னஞ்சல் அடித்தோம். சட்ட வரைவு என்றால் 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2014-இல் மத்திய அரசே வகுத்த கொள்கை. அந்த வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

தெருவும் அறையும்

"போராட்டமா, பேச்சுவார்த்தையா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட வைக்கப் போராட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டமே டெல்லித் தெருவில் சக்கர நாற்காலிகள் இறங்கியதால்தான் அந்த டிசம்பரில் நிறைவேறியது. அதை முன்னின்று நடத்திய ஜாவேத் ஆபிதி அமைச்சகங்களுக்குள் உட்கார்ந்து வாதாடவும் தெரிந்தவர். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய கேள்வி இடம்பெற அவருடைய விடாப்பிடியும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1977-இல் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கட்டடத்துக்குள் போய் மூன்று வாரத்துக்கு மேல் வெளியே வராமல் உட்கார்ந்தவர்களை வழிநடத்திய ஜூடித் ஹியூமன், பின்னாளில் கிளின்டன் அரசில் கல்வித் துறையின் உதவிச் செயலராக இருந்தார்.

நம் ஊரில் ஆர்ப்பாட்டத்துக்குப் போலீஸ் அனுமதி கேட்டு, குறைந்தது ஐந்து நாள் முன்னால் எழுதிக் கொடுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், நீதிமன்றத்துக்கு அதுதான் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் கூட்டம் என்றால் நிழல், தண்ணீர், கழிப்பறை மூன்றையும் முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். ஒருமுறை பார்க்காமல் விட்டு, வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். நான் இன்னும் அந்தக் குடும்பங்களின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறேன்.

உள்ளே கூப்பிட்டால் ஐந்து பேருக்கு மேல் போகக் கூடாது. ஒருவர் பேச வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் முடியாது என்பதை வெளியே மரத்தடியிலேயே முடிவு செய்துவிடுங்கள். உள்ளே போய் நமக்குள் சண்டை போட்டால் எதிரில் இருப்பவர் பேனாவை மூடிவிடுவார்.

நான் அனுபவித்துக் கற்றது இது. ஓர் உயர் அதிகாரி மூன்று மணி நேரம் பொறுமையாகக் கேட்டார், எல்லாவற்றுக்கும் சரி என்றார், காபி கொடுத்தார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். மூன்றே வாரத்தில் அவருக்கு மாறுதல். புதிதாக வந்தவர் "அப்படி எதுவும் கோப்பில் இல்லையே" என்றார். இப்போதெல்லாம் கூட்டம் முடிந்த அன்று மாலையே, கடையைத் திறந்து, "இன்று நடந்த கூட்டத்தில் தாங்கள் ஒப்புக்கொண்டவை" என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவேன். மறுப்புக் கடிதம் வந்ததே இல்லை. அடுத்து வருகிறவரின் கோப்பில் அது இருக்கும்.

சோறு

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். எனக்கு ஜெராக்ஸ் மெஷின் சோறு போடுகிறது. அதனால்தான் யாரிடமும் பல்லிளிக்க வேண்டியிருக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தியாகம் மாதிரி தெரியும், உண்மையில் வசதி. எனவே கைத்தொழிலோ வேலையோ ஒன்றை வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.

சங்கம் பதிவு செய்வதென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் வேண்டும். பதிவு சுலபம், வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்வதில்தான் பாதிச் சங்கங்கள் படுத்துவிடும். வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் ஒரு டாலர்கூடத் தொடாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடுதான், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும்.

படித்த பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு கற்கும் வழிகளும் உண்டு. எம்.பி.க்களுக்கு உதவியாளராகக் கிட்டத்தட்ட ஒரு வருடம் வேலை பார்க்க வைக்கிற லாம்ப் என்ற திட்டத்தை பி.ஆர்.எஸ். என்ற சட்டமன்ற, நாடாளுமன்ற ஆய்வு நிறுவனம் 2010-இலிருந்து நடத்துகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் அரசுத் தொடர்பு என்ற பெயரில் ஆள் வைத்துக்கொள்கின்றன. போக விரும்பினால் போங்கள், ஆனால் காலையில் கம்பெனிக்காகவும் மாலையில் மக்களுக்காகவும் அதே அலுவலரைப் போய்ப் பார்க்காதீர்கள். அமெரிக்காவில் லாபியிஸ்டுகள் தங்களைப் பதிவு செய்து, யாருக்காக வேலை பார்க்கிறோம், எவ்வளவு வாங்குகிறோம் என்று சொல்லியாக வேண்டும் என 1995-இலேயே சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. அதனால் நாங்கள் யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்பதைக் கடைச் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை, இருந்தாலும் இருக்கட்டும்.

"கோட்டையில நமக்கு ஆள் இருக்கு, கொஞ்சம் செலவாகும்" என்று ஒருவர் வருவார். கட்டாயம் வருவார். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு வருடம் வரை சிறை உண்டு என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். கட்சியில் அணிப் பொறுப்பு தருகிறோம் என்றும் வருவார்கள். என் கூட்டாளிகளில் இரண்டு பேர் போனார்கள், நல்லவர்கள்தான். ஆட்சி மாறியதும் எதிர்ப்பக்கக் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை, அந்த ஐந்து வருடமும் எல்லா மனுவையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

2025 ஜூலையில் நியமன உறுப்பினர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டபோது கடை வாசலில் மூன்று சக்கர ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. ஒரு தங்கச்சி, பார்வையில்லாதவர், படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டு, "அண்ணே, கிடைச்சா முதல் கூட்டத்துக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டார். சட்டப் புத்தகம், ந.க. எண்கள் எழுதிய நோட்டு, வில்லைகள், பேனா என்று சொல்லிக்கொண்டே வந்து, மீட்டர் டேப்பும் என்றேன். அதை மட்டும் ஐந்து மீட்டரில் வாங்காதீர்கள். மூன்று படிக்கு ஒழுங்காகக் கட்டின சாய்தளம் 5.4 மீட்டர் வரும், டேப் பத்தாது.